அக்காவின் பல் சக்கரம்

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் தூங்கிக்கொண்டிருக்கிறதா? அதற்கு மோட்டாரும் பாட்டரியும் மாட்டி எழுப்பிவிடலாம் என்ற யோசனை உங்களுக்கும் உண்டா? அப்படியானால் கடைக்குப் புறப்படுமுன் ஒரு நிமிஷம் இருங்கள். பெடலோடு சேர்ந்து சுற்றுகிறதே பெரிய பல் சக்கரம், அதில் எத்தனை பல் என்று எண்ணிவிட்டுப் போங்கள். ஒரு பல்லில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு எண்ணினால் கணக்குத் தப்பாது.

எங்கள் அக்காவின் வண்டியில் முன்னால் 44 பல். பின்னால் பிரீவீலில் 18.

அக்காவுக்கு வயது 48. திண்டுக்கல் நாகல் நகரில் வீடு. சின்னாளபட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. "பஸ் இருக்கிறதே, 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாதே!" என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோ மீட்டர். அக்காவின் முழங்கால் அவ்வளவு தூரம் நடக்காது. "சைக்கிள் மிதிக்கலாம், அழுத்தி மிதிக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் காலமான பிறகு அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சைக்கிள் நின்றால் வேலையும் நிற்கும்.

பின் சக்கரத்துக்குள் மோட்டார் வைப்பதென்று முடிவாயிற்று. கடைக்காரர், "பெரிய பல் சக்கரம், 48 போட்டுவிடலாம் அம்மா. மோட்டார் தள்ளும்போது கால் சும்மா சுற்றாது" என்றார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் ஓடும். 44-க்கு 18 என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோ மீட்டர். 48 பல் போட்டால் 20 ஆகும். 36 போட்டால் 15 தான். ஆனால் அதே இழுப்புக்குக் காலால் கொடுக்க வேண்டிய பலம், 44-ஐவிட 36-ல் பழைய கணக்கில் ரூபாய்க்கு மூன்றணா குறைகிறது! மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மூன்றணாவின் அருமை தெரியாதா?

மோட்டார்தான் இழுக்கிறதே, முழங்காலுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். அக்கா வாங்கிய மாதிரியில், பெடல் சுற்ற ஆரம்பித்த பிறகே மோட்டார் விழித்துக்கொள்ளும். முதல் மிதி காலுடையது. பாட்டரி வழியில் தீர்ந்தால் எல்லா மிதியும் காலுடையது. கனத்த வண்டி, எதிரே ஆடிக் காற்று! அம்மியையே தூக்கும் காற்று அக்காவை மட்டும் விட்டுவைக்குமா?

அதற்காக ரொம்பவும் சின்னதாகப் போய்விடக் கூடாது. 250 வாட்டுக்குள் சக்தியும் 25 கிலோ மீட்டருக்குள் வேகமும் இருக்கிற வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது நம் நாட்டு விதி. அந்த 25-ல் போகும்போது காலும் கூட உழைக்க வேண்டுமானால், 36 பல்லுக்கு நிமிஷத்துக்கு 100 சுற்று மிதிக்க வேண்டும். 32 என்றால் 113! வாலிபப் பிள்ளைகளுக்குச் சரி. அக்கா 18-ஐத் தாண்டுவதில்லை. அதற்கு 72 சுற்றுப் போதும்.

பெடல் அச்சிலேயே மோட்டார் வைக்கும் இன்னொரு ரகம் உண்டு. அதில் மோட்டாரின் பலமும் செயின் வழியாகவே போவதால், பல் சக்கரம் பெரிதானால் ஏற்றத்தில் மோட்டாரே திணறிச் சூடேறும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் வழக்கைத் தீர்த்தது புடவை. 48 பல் சக்கரம் பழைய செயின் கவருக்குள் அடங்கவில்லை. "கவரைக் கழற்றிவிடலாமே?" என்றார் கடைக்காரர். புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் விட்டவர் யாரும் இந்த யோசனையைச் சொல்லமாட்டார். புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததே, அந்தப் பெண்களைக் கேட்டால் செயினில் சிக்கிய தலைப்புக்கு என்ன கதி என்று சொல்வார்கள்.

அக்கா 36 போட்டுக்கொண்டாள். எட்டுப் பல் குறைந்ததால் செயினில் நாலு கண்ணி கழற்ற வேண்டியிருந்தது. நீங்கள் மாற்றினால் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தொய்ந்த செயின் நட்ட நடு ரோட்டில் கழன்று விழும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னையும் முதல் வாரம் ஓட்டியபின் இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.