உலக முடிவு வரை ஒரு பகல் நடை

சுற்றுலா என்ற சொல்லை எமது கிராமத்துப் பெண்கள் தங்களுக்காகப் பாவிப்பது குறைவு. அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவது, நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வருவது. பெண்கள் வெளியே போவதென்றால் நேர்த்திக்கு, செத்தவீட்டுக்கு, கிளினிக்குக்கு, கச்சேரிக்கு. யாரும் கேட்டால் காரணம் சொல்லக்கூடிய இடங்களுக்கு மட்டுமே. ஒரு மலையைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக வீட்டை விட்டுப் போவதற்கு எங்களிடம் ஒழுங்கான ஒரு சொல்கூட இல்லை. "உலாத்து" என்பார்கள். அதுவும் ஏசும்போது சொல்லும் சொல்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம் சல்லியிலிருந்து 22 பெண்கள் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போய்வந்தோம். அதன்பிறகு பக்கத்துக் கிராமங்களிலுள்ள சங்கங்களும் விசாரிக்கத் தொடங்கிவிட்டன. எத்தனை மைல் நடக்க வேண்டும், முழங்கால் வருத்தக்காரர் போகலாமா, எவ்வளவு காசு முடியும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

ஹோட்டன் சமவெளி நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோ மீற்றர் தூரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே பரந்து கிடக்கும் ஒரு புல்வெளியும் அதைச் சுற்றிய முகில் காடும் என்று சொன்னால் விளங்கும். சிங்களத்தில் மஹா எலிய என்பது பழைய பெயர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் பிறகு வைத்தார்கள். 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் மற்றக் காடுகளுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

எந்த மாதம் போவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை அங்கே மழை குறைவு, காலை வானம் வெளித்திருக்கும். ஆனால் விடியப்புறம் புல்லில் உறைபனி படியுமளவுக்குக் குளிரும். ஆனியிலிருந்து ஆவணி வரை மழையும் காற்றும். சித்திரையில் நுவரெலியா வசந்த காலம் என்று நாடே அங்கே திரண்டு நிற்கும், அறை வாடகையும் ஏறும். ஆகவே மாசிதான் நல்லது. எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாரியில் கடல் அடிக்கும், தொழில் இராது. அந்த மாதங்களில் கையில் நேரம் இருக்கும், காசு இராது. அதனால் மீன் படும் மாதங்களிலேயே ஆளுக்கு மாதம் 500 ரூபா என்று சங்கத்தில் தனியாகச் சேர்த்தோம். கருவாடு காயப்போட்ட காசு அது. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். ஒருவர்கூட இடையில் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. கடன் கூட்டங்களில் இப்படி ஒழுங்கை நான் கண்டதில்லை.

பூங்காவுக்குள் நடப்பதற்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. எல்லோரும் போவது உலக முடிவுப் பாதை. பார் இன் என்ற தகவல் நிலையத்திலிருந்து தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வரும். 9 கிலோ மீற்றருக்குச் சற்றுக் கூட. ஆறுதலாக நடந்தால் நான்கு மணித்தியாலம். பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் கல்லும் வேரும் சேறும் உண்டு. இரண்டாவது கிரிகல்பொத்த மலை. நாட்டின் மிக உயரமான பீதுருதாலகாலவுக்கு அடுத்த உயரம் அது, சுமார் 2,390 மீற்றர். அதற்கும் பார் இன் பக்கமிருந்தே பாதை பிரிகிறது. போக வர முழுப் பகலும் வேண்டும். சதுப்பு, வழுக்குப் பாறை, ஆள் நடமாட்டம் குறைவு. மூன்றாவது தொட்டுப்பொல மலை, 2,357 மீற்றர். பட்டிப்பொல வாயிலுக்குக் கிட்ட, றோட்டிலிருந்தே ஏறத் தொடங்கலாம். தூரம் குறைவு, ஏற்றம் கூட.

எதைத் தெரிவு செய்வதென்று மூன்று கூட்டம் வைத்தோம். இளம் பிள்ளைகள் கிரிகல்பொத்த என்று நின்றார்கள். வயது போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்தைச் சொன்னபோதுதான் கதை மாறியது. "ஒன்பது கிலோ மீற்றர் ஒரு தூரமா பிள்ளை?" என்று சம்பூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருக்கும் ஒரு அக்கா கேட்டார். 2006இல் சண்டை மூண்டபோது ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று பிள்ளைகளோடு நடந்தவர் அவர். இன்னொருவர் 1990இல் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுவழியே நடந்த கணக்கைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, எந்த ஆண்டு எங்கிருந்து எதுவரை நடந்தோம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அன்று பாதை தெரிவாகவில்லை. கூட்டம் அப்படியே முடிந்தது.

சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வு பற்றிப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இந்தப் பெண்களுக்கு நீண்ட நடை என்றால் அது பின்னால் துரத்தப்பட்டு நடந்த நடைதான் என்பதை அந்தக் கூட்டத்தில்தான் நேரே கேட்டேன். திரும்பி வருவதற்கென்று அவர்கள் நெடுந்தூரம் நடந்ததே இல்லை. ஆகவே சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற பாதை நல்லது என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அதைவிடச் சரியான காரணத்தை வேறொரு அக்கா சொன்னார்: "எல்லாரும் ஒண்டாப் போய் ஒண்டா வரலாம். ஒருத்தரையும் விட்டிட்டு வரத் தேவையில்லை." உலக முடிவுப் பாதை என்று முடிவாயிற்று.

எங்களில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அவரைப் பற்றி அவர் இல்லாமல் பேசக்கூடாது என்று சொல்லி, அவரையே கேட்டோம். சமவெளியில் நடப்பேன், படி இறக்கம்தான் பயம் என்றார். அந்தப் பாதையில் மிகவும் செங்குத்தான இறக்கம் பேக்கர் நீர்வீழ்ச்சியடியில்தான். ஈரத்தில் வழுக்கும். முதல் பகுதி பெரும்பாலும் புல்வெளி. எனவே அவரும் இன்னும் மூன்று பேரும் ஓடைவரை நடந்து, அங்கே இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. உங்கள் குழுவிலும் இப்படி இரண்டு அளவு நடையை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அங்கே போய், பாதையில் வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்புவது மனதை நோகச் செய்யும்.

ஊர் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். "புருசன் இல்லாதவளுக்கு மலை என்ன, குளிர் என்ன" என்று கேட்டவர்கள் உண்டு. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தங்கச்சி கடைசிவரை வருவதா விடுவதா என்று நின்றார். யாராவது சேதி கொண்டுவந்தால் வீடு பூட்டியிருக்கக்கூடாதே என்பது ஒன்று. தான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வெளியில் போனால், இவளுக்குத் தேடல் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள் என்பது மற்றது. முதலாவதுக்கு அவரது மாமியார் வீட்டில் நிற்பதாகச் சொன்னார். இரண்டாவதுக்கு, அவர் நிற்கும் படம் யாரும் எடுப்பதில்லை என்று எல்லோரும் உடன்பட்டோம். இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆகவே இதைப் புறப்படுமுன்பே பேசி வைப்பது அவசியம்.

விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டு, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாகப் பின்னேரம் நுவரெலியாவை அடைந்தோம். சீதாஎலியவில் சீதை அம்மன் கோயில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அப்பால் ஹக்கல தாவரவியல் பூங்கா. காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்க்க 1861இல் தொடங்கிய தோட்டம் அது. நடக்க முடியாத அம்மாமாரை அழைத்துப் போனால் இந்த இரண்டு இடமும் போதும். ஒரு இரவு தங்கியாக வேண்டும், ஏனென்றால் பூங்கா வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் கீழிருந்து முகில் ஏறி உலக முடிவை மூடிவிடும். பிறகு வெள்ளைச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டது போலத்தான் இருக்கும்.

வாயிலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. அடுத்து, சீருடை போட்ட உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். இதை முன்கூட்டியே உங்கள் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். எங்கள் ஆட்கள் சிலருக்குக் கை நடுங்கிவிட்டது. பைகளைத் தாங்களாகவே நிலத்தில் வரிசையாக வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த உத்தியோகத்தர் தேடியது பொலித்தீனைத்தான். உணவு மணக்கும் பொலித்தீனை மரைகள் தின்று செத்துப்போவதால் பூங்காவுக்குள் அதற்குத் தடை. தண்ணீர்ப் போத்தலில் சுற்றிய லேபலைக்கூட உரித்தெடுத்தார்கள். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தந்தார்கள். ஒரு அம்மா பிறகு, "மானுக்காகவும் செக்கிங் இருக்குமெண்டு நான் அறியேல்லை" என்றார். கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டி, மூடி போட்ட பெட்டியில் கொண்டுபோங்கள்.

பாதை பிரியுமிடத்தில் பலகையைப் பார்த்து உலக முடிவுப் பக்கமாகவே முதலில் திரும்புங்கள். அருவிக்குப் பிறகு போகலாம், அது முகிலில் மறையாது. நாங்கள் ஏழரை மணியளவில் சின்ன உலக முடிவைக் கடந்தோம். பெரியதில் பாறை விளிம்பிலிருந்து நேர் கீழே சுமார் 880 மீற்றர். கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டைப் பார்த்துத் தலை சுற்றியவர்கள் நாங்கள். இது அதைப்போலப் பல மடங்கு. கீழே தேயிலை மலையும் லயன் கூரைகளும் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள், ஈரமான நாளில் மண் நம்பத்தகாது. எங்கள் பெண்கள் அங்கே அதிகம் பேசவில்லை. படம் எடுக்க வேண்டாம் என்ற தங்கச்சி குந்தியிருந்து கனநேரம் பார்த்தார். எழும்பும்போது, தனியாக ஒரு படம் எடுத்துத் தரும்படி தன்னுடைய போனையே நீட்டினார். ஆள் இல்லாமல், மலையை மட்டும்.

எனக்கு உலக முடிவைவிடத் தண்ணீர்தான் பெரிதாகப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது. மழை மட்டுமல்ல, மரங்களின் பாசியில் படியும் முகிலும் சொட்டிச் சொட்டி ஓடையாகிறது. இங்கே பிறக்கும் அக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. அந்த மகாவலி 335 கிலோ மீற்றர் ஓடி முடிவது எங்கள் கொட்டியாரக் குடாவில். இதைச் சொன்னபோது சம்பூர் அக்கா நம்பவில்லை. "வெருகல் ஆத்துத் தண்ணியா இது?" என்று இரண்டு தரம் கேட்டார். மகாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. 2006இல் அதைக் கடந்தபோது தண்ணீர் கழுத்தளவு நின்றது என்று முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் கண்ட ஓடை கணுக்கால் அளவு. அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை, கையை மட்டும் நனைத்துக்கொண்டு நடந்தார்.

சப்பாத்து என்றதும் ஞாபகம் வருகிறது. புதிதாக வாங்கத் தேவையில்லை. மகள்மாரின் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைத்தான் எங்களில் பாதிப்பேர் போட்டிருந்தார்கள். செருப்பு சரிவராது. சேலையைவிடச் சுடிதார் வசதி. இரண்டு சட்டை மேலுக்கு மேல் போட்டு, காதை மூடிக் கட்டுங்கள். மலசலகூடம் பார் இன்னில் மட்டுமே, பிறகு சுற்றி வரும்வரை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பது எங்கள் பெண்களின் பழக்கம். குளிரில் தாகம் தெரியாது, தலையிடி மட்டும் வரும். கொஞ்சங் கொஞ்சமாகக் குடியுங்கள். மாதவிடாய் நாளென்றால் பாவித்ததைச் சுற்றி வைக்கக் கடதாசியும் துணிப்பையும் கொண்டுபோங்கள், காட்டில் போடக்கூடாது.

திரும்பும் வழியில் பட்டிப்பொலயில் தேநீருக்கு நிறுத்தினோம். 1,891 மீற்றரில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அங்கேதான். கொழுந்துக் கூடையோடு வந்த மூன்று பெண்கள் எங்கள் தமிழைக் கேட்டு நின்றார்கள். "எங்கேருந்து வர்றீங்க?" என்றார்கள். திருகோணமலை என்றதும், கடல் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். சமவெளிக்கு எத்தனை தரம் போயிருக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டோம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஒரு தரமும் போனதில்லையாம். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூரப்பட்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எங்கள் பெண்கள் அவர்களைச் சல்லிக்கு வரச் சொல்லி, போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தார்கள். அம்மன் பொங்கலுக்கு வந்தால் தங்க வீடு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனிப் போகிறவர்களுக்கு இன்னுமொன்று. 2025 கார்த்திகைக் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகமெங்கும் மண்சரிவு ஏற்பட்டது, றோட்டும் ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தன. ஆகவே நாள் குறிக்குமுன் பூங்கா திறந்திருக்கிறதா என்று வனசீவராசிகள் திணைக்களத்திடமும், வழி எப்படி என்று நுவரெலியாவில் தெரிந்தவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்தில் அடுத்த முறைக்குத் தொட்டுப்பொல மலை என்று பேச்சு நடக்கிறது. சீட்டுக் கொப்பியில் இதுவரை 14 பெயர் விழுந்திருக்கிறது. அன்று வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமியாருடைய பெயர் பதினோராவது.