ஹவாரி ஒருவரின் பெயரில் நம் ஊர்



இராயபுரம் என்னும் பெயரை நாளுக்குப் பத்து முறை உச்சரிக்கிறோம். அது எந்த அரசரையும் குறித்த பெயர் அன்று. தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவை இராயப்பர் என்று அழைப்பர். அவர் பெயரே ஊருக்கு ஆயிற்று என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. துறைமுகம் அமைவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகுகளில் அலை கடந்து கரைசேர்த்த படகோட்டிகள் 1829இல் எழுப்பியதே இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம். நம் மரபு நூல்களில் ஷம்ஊன் அஸ்ஸஃபா என்று வருபவரும் அவரே. ஈஸா (அலை) அவர்களின் ஹவாரிய்யூன் எனப்படும் தோழர்களுள் ஒருவர். பேதுரு, ஸஃபா ஆகிய இரு சொற்களுக்கும் பொருள் பாறை என்பதே.

இதை மாலை மதரஸாவின் வரலாற்று வகுப்பில் நாம் சொன்னபோது பெற்றோர் ஒருவர் மனம் வருந்தினார். தீன் கற்கப் பிள்ளையை அனுப்பினால் ஹஜ்ரத் சர்ச்சு வரலாறு நடத்துகிறாரே என்றார். அவருடைய அச்சம் நமக்குப் புரியாததன்று. திரித்துவக் கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மூடி மறைப்பதில்லை. தவ்ஹீத் பாடம் அதற்குரிய நேரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வரலாற்றை நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் அதை வாட்ஸ்அப்பில் கற்பார்கள். அங்கே கிடைப்பது இரு தரப்பின் வசை மட்டுமே.

ஈஸா (அலை) அவர்களின் மற்றொரு தோழரான தோமா கி.பி. 52இல் மலபார் கரையில் இறங்கி, பின்னர் மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அவருடைய அடக்கத்தலத்திற்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் சென்று வந்தனர் என்றும், அவரைப் பெரிய மகானாக மதித்து ‘அவாரியன்’ என்று அழைத்தனர் என்றும் எழுதினார். அந்நூலுக்கு விளக்கம் எழுதிய ஹென்றி யூல், அச்சொல் ‘ஹவாரி’ என்பதன் திரிபாக இருக்கலாம் என்று கருதினார். ஆலு இம்ரான், அஸ்ஸஃப் அத்தியாயங்களில் நாம் ஓதும் அதே சொல்! 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசாவோ, ஏழை முஸ்லிம் ஒருவர் அந்தப் பழைய ஆலயத்தைக் காத்து, யாசகம் பெற்று அங்கே விளக்கெரித்து வந்தார் என்று குறிக்கிறார். கப்ரு ஸியாரத், விளக்கேற்றுதல் ஆகியவை பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தை இங்கே எழுப்ப வேண்டாம். அது வேறு பாடம்.

இனிமேல் வருவது கசப்பான பகுதி. தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறையில் அன்று முஸ்லிம்கள் வணிகத்திலும் முத்துக்குளிப்பிலும் ஓங்கியிருந்தனர். அவர்களுக்கும் பரதவர்களுக்கும் இடையே மோதல் முற்றியது. பரதவர்களின் பெரியவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டனர். அதன் விளைவாக 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கான பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்ச்சுகீசியர் மரக்காயர் படையை முறியடித்தனர். பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு, 1542இல்தான். ஆக, அக்கரையில் கிறிஸ்தவம் வேரூன்றியதற்கு நம் முன்னோரோடு ஏற்பட்ட பகையும் ஒரு காரணம். போர்ச்சுகீசியர் நம் வணிகர்களுக்கு இழைத்த கொடுமைகளை நாம் மேடைகளில் விரிவாகப் பேசுகிறோம். ஏழை முத்துக்குளிப்பவர்கள் அவர்களிடம் அடைக்கலம் தேடும் நிலை ஏன் வந்தது என்று கேட்பதில்லை.

நஜ்ஜாஷி மன்னர் ஸஹாபாக்களுக்கு அபிசீனியாவில் அடைக்கலம் தந்ததை ஒவ்வொரு சீறத் சொற்பொழிவிலும் கேட்கிறோம். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் தம் முறைப்படி வழிபட நபி (ஸல்) அவர்கள் இடமளித்த செய்தியையும் இப்னு இஸ்ஹாக் பதிந்திருக்கிறார். அவை அரபு மண்ணின் செய்திகள், கேட்க இனியவை. வேதாளை நம் வாசலில் நடந்தது. அதனால்தான் நாவு தயங்குகிறது போலும்.

இவ்வாண்டுப் பாடத்தில் மயிலாப்பூரையும் வேதாளையையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். வருந்திய பெற்றோரின் மகளும் அவ்வகுப்பில் அமர்கிறாள். “ஹஜ்ரத், அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்க யார் காசு குடுத்தாங்க? முஸ்லிமா, கிறிஸ்டியனா?” என்று அவள்தான் கேட்டாள். யாசகம் பெற்றார் என்று எழுதிய பார்போசா, கொடுத்தவர்கள் யாரென்று எழுதவில்லை என்றோம்.