தூசி ஒட்டாத கண்ணாடி

தூசியே ஒட்டாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதால், 400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பூச்சு போட்டேன். ஆறே மாதம். பூச்சு போச்சு!

1972-ல் அப்போலோ 17 வீரர்களையும் நிலவில் தூசிதான் படாத பாடு படுத்தியது. பிற்பாடு நாஸாவின் கோடார்டு மையம், தாமரை இலையைப் பார்த்து ஒரு பூச்சு தயாரித்தது. இலை மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். தூசிக்கு உட்கார இடமில்லை.

என் பி.காம். புத்தி லைசென்ஸ் கட்டணத்தைத் தேடிப் போனது. நாஸா காப்புரிமைகளை வைத்துத் தொழில் தொடங்கும் புதுக் கம்பெனிகளுக்கு முன்பணம் தள்ளுபடி என்று 2015-ல் திட்டமே போட்டார்கள். விற்ற பிறகு ராயல்ட்டி தந்தால் போதும்.

“சும்மா தர்றான்னா சரக்குல ஏதோ இருக்கு சார்” என்றார் நண்பர்.

இருக்கிறது. இலை தேய்ந்தால் மெழுகைத் தானே மறுபடி சுரந்துகொள்ளும். பூச்சுக்கு அந்த வித்தை தெரியாது. தேயாமல் நிற்கவைக்கும் செலவு, லைசென்ஸ் வாங்கியவர் தலையில்.

கடைக்காரரோ, “துடைச்சீங்களா? அதான் போயிருச்சு” என்கிறார்.