மறைத்துவைத்த பாடம்

பெண் பார்க்க வருகிறார்களென்றால், விறாந்தையைக் கூட்டித் துப்புரவாக்கி, கால் உடைந்த கதிரையை அடுக்களைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது நம்மவர் வழக்கம். எனது கற்பித்தற் கோவையையும் நான் அவ்வாறே தயாரித்தேன்.

கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின், மூன்றாம் ஆண்டைப் பாடசாலையொன்றிற் கற்பித்துக் கழிப்பது ஆசிரிய மாணவரின் கடன். அதற்கான சான்றுகளை நான் காகிதக் கட்டாகச் சுமக்கவில்லை. கணினியில் ஒரு கோப்புறைக்குள் அடக்கினேன். பாடத்திட்டங்கள், வண்ண அட்டைகளின் படங்கள், கரும்பலகையருகே நான் நிற்கும் காணொளி என யாவும் அழகாகவே அமைந்தன.

விரிவுரையாளர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எல்லாவற்றிலும் நீர் இருக்கிறீர். பிள்ளைகள் கற்றது எங்கே?” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ஒளித்துவைத்த கதிரை நினைவுக்கு வந்தது.

ஆறாந் தரத்திற்குப் பின்னங்களை ஒப்பிடக் கற்பித்த நாள் அது. “விளங்கியதா?” என்றேன். “ஓம், ரீச்சர்” என்று வகுப்பே முழங்கியது. மகிழ்ந்து வீடு சென்றேன். மறுநாள் கொப்பிகளைத் திருத்தியபோது, பலர் 1/3 ஐவிட 1/4 பெரிதென்று எழுதியிருந்தனர். மூன்றைவிட நான்கு பெரிதல்லவா! பிழை பிள்ளைகளுடையதன்று, “விளங்கியதா” என்ற கேள்வியை நம்பிய என்னுடையது.

அடுத்த பாடத்தில் ஒவ்வொருவருக்கும் 24 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு கடதாசிப் பட்டிகள் கொடுத்தேன். ஒன்றை மூன்று சம பங்காகவும் மற்றையதை நான்கு சம பங்காகவும் வெட்டி, அடிமட்டத்தால் அளந்தார்கள். ஒன்றில் 8, மற்றையதில் 6. கடைசி வாங்கிலிருந்த சிறுமியொருத்தி, “பங்கு கூடக்கூடத் துண்டு சின்னனாகுது, ரீச்சர்!” என்று கூவினாள். நான் சொல்லத் தவறியதை அவள் சொல்லிவிட்டாள்.

பிழையான விடை, பட்டிகள், திருத்திய விடை ஆகிய மூன்றையும் இப்போது கோவையின் முதற் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதிபரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, கொப்பியிலிருந்த பெயரை மறைத்தே படமெடுத்தேன். பிள்ளையின் பிழை ஊரார் பார்வைக்குரியதன்று. அதன் கீழே, நான் எங்கே தவறினேன் என்பதை என் பெயரிலேயே எழுதினேன். அந்த நான்கு வரிகளை எழுத, காணொளி தயாரித்ததைவிட அதிக நேரம் சென்றது.

இதற்கு எத்தனை புள்ளி கிடைக்குமோ, அறியேன். ஆயினும், ஆசிரியத் தொழிலை நாடும் இளையோரே, உங்கள் கோவையிலும் அந்த உடைந்த கதிரைக்கு ஓர் இடம் வையுங்கள். அதைத் திருத்திய கை உங்களுடையது என்பதற்கு வேறு சான்று ஏது?