கடைமடைக்கு வந்த நீர்

சுவாமிமலையின் 60 படிகளில் பாதியிலேயே பேரன் உட்கார்ந்துவிட்டான். "கால் கடுக்கிறது பாட்டி" என்றான். வயது பதினாறு. எழுபதைக் கடந்த தாத்தாவும் பாட்டியும் அவனுக்கு முன்னரே ஏறியிருந்தனர்.

கும்பகோணத்து மருத்துவர் கையில் இரத்த அழுத்தம் பார்த்தார், 160. தொடையின் மேற்புறம் நாடியைத் தேடினார், அது மெலிந்திருந்தது. காலில் அளந்தபோது 110.

"காலில் கையைவிடக் குறையக் கூடாது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வழியில் குறுகியிருக்கலாம். பிறவியிலேயே வருவது" என்றார்.

தாத்தா காவிரிப் பாசனத்தில் உழுதவர். "வாய்க்கால் தூர்ந்தால் தலைமடையில் நீர் முட்டும், கடைமடை காயும். அப்படித்தானே ஐயா?"

"அதேதான். ஆனால், வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடம் எக்கோவில் தெளிவாகத் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்."

பாட்டி மறுத்தார். "சஷ்டி விரதம் இருக்கிறேன். கதிரும் சாய மருந்தும் குழந்தை உடம்புக்கு வேண்டாம் டாக்டர்."

"விரதத்தை விடாதீர்கள் அம்மா. சிறுநீரகத்தைச் சோதித்து, ஒவ்வாமை உண்டா என்று கேட்டுத்தான் மருந்தை ஏற்றுவோம். கதிர் சிறிதளவே. இந்த அழுத்தத்தை இதயமும் மூளையின் நாளங்களும் நெடுநாள் தாங்கமாட்டா. எங்கே, எவ்வளவு குறுகல் என்று அறியாமல் எப்படிக் கைவைப்பது?"

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேரனின் நெற்றியில் திருநீறு இட்டு அனுப்பினார்.

பிள்ளை அசையாமல் படுத்தான். கை நரம்பில் அயோடின் மருந்து ஏற, உடலெங்கும் வெம்மை பரவியது. சில நொடிகள் மூச்சை அடக்கினான். வளையத்தினுள் கதிர்க்குழாய் அவனைச் சுற்றி வந்தது. கண்ணாடிக்கு இப்பால் நின்ற தாத்தா, "இயந்திரம் அவனை வலம் வருகிறது" என்றார். பாட்டி கைகூப்பினார்.

திரையில் எல்லாம் தெரிந்தது. இடக்கைக்குக் கிளை பிரியும் இடத்தைத் தாண்டியதும் தமனி இறுகி, 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வழி 4 ஆகச் சுருங்கியிருந்தது. விலா எலும்புகளை ஒட்டிப் பக்க நாளங்கள் புடைத்து, இரத்தத்தைச் சுற்றுவழியாகக் கொண்டுபோயின. அந்த அளவுகளைக் கொண்டே, தொடை வழியே ஸ்டென்ட் வைத்துத் தமனியை விரித்தனர்.

சில மாதங்கள் கழித்து, நேர்ந்துகொண்டபடி மீண்டும் சுவாமிமலை. பேரன் ஓரிடத்திலும் அமராமல் மேலேறி நின்றான். "கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்றார் தாத்தா.

அர்ச்சனைத் தட்டை நீட்டிய பாட்டி, பேரனின் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். "அந்த டாக்டருக்கும் ஒன்று" என்றார். நட்சத்திரம் தெரியவில்லை.

"சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்."