வலிக்கு மருந்து தேடுவது பாவமா?

ஆண்டவர் அனுமதிக்கும் துன்பத்தை முணுமுணுக்காமல் ஏற்பதே நல்ல கிறிஸ்தவரின் அடையாளம் என்று இளமை முதல் கேட்டு வளர்ந்தவள் நான். 32 ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் மாணவியருக்கும் அதையே கற்பித்தேன். அந்தப் பாடத்தில் பாதியைத்தான் நான் அறிந்திருந்தேன் என்பதை 64-ஆம் வயதில் ஒரு நோய் எனக்கு உணர்த்தியது.

2018-ஆம் ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில் என் வலப்புற விலாவில் எரிச்சல் கண்டது. இரண்டு நாளில் முதுகிலிருந்து மார்பு வரை பாதிக் கச்சை கட்டியதுபோல் கொப்புளங்கள் எழும்பின. "இது அக்கி, காவி எழுதினால் இறங்கிவிடும்" என்றனர் ஊர்ப் பெரியவர்கள். வழக்கப்படி வேளார் ஒருவரை அழைத்து மூன்று நாள் எழுதினோம். உடலுக்குக் குளிர்ச்சியாய் இருந்தது உண்மையே. மூன்று வாரத்தில் கொப்புளங்களும் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை.

அந்த வலியை என்னவென்று சொல்வேன்! காய்ச்சிய கம்பியை விலாவில் இழுத்தாற்போல் திடீரென ஓடும். மற்ற நேரமெல்லாம் மிளகாய் அரைத்த கையை வைத்தாற்போல் எரியும். சேலைத் தலைப்பு உரசினாலும் உயிர் துடிக்கும். இதுவே என் தவக்கால ஒறுத்தல் என எண்ணி, வீட்டாருக்கு மறைத்தேன். உயிர்ப்புப் பெருவிழா வந்து போயிற்று. தூய ஆவியின் பெருவிழாவும் வந்து போயிற்று. பொறுக்க இயலாத இரவுகளில் மருந்துக்கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரைகளை விழுங்கினேன். வயிறு புண்ணானதே மிச்சம். ஒருமுறை ஒரு மருத்துவரிடம் சென்றேன். "தோல்தான் ஆறிவிட்டதே, இனி என்ன வலி? வயதானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்.

மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு மகள் குடும்பத்தோடு வந்தாள். ஐந்து வயதுப் பேரன், "ஆச்சி!" என்று ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். வலி தாளாமல் அவனை உதறித் தள்ளிவிட்டேன். குழந்தை திண்ணை ஓரத்தில் விழுந்து நெற்றியில் அடிபட்டான். காயம் சிறியதுதான். ஆயினும் அன்று முழுவதும் அவன் என் அருகில் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று அச்சத்தோடு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை விலாவின் எரிச்சலைவிட அதிகமாய் என்னைச் சுட்டது. ஒறுத்தல் என்று நான் நினைத்தது, என்னிடமிருந்த அன்பையே அல்லவா தின்றுகொண்டிருந்தது!

அன்று மாலை பங்குத் தந்தையிடம் அனைத்தையும் கூறினேன். "சாமி, சிலுவையில் அறையுமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தபோது ஆண்டவர் ஏற்கவில்லையே. நான் மட்டும் மருந்து தேடலாமா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின், "டீச்சர், தமக்குக் கொடுத்ததை அவர் மறுத்தார். ஆனால் நோயோடு தம்மிடம் வந்த யாரையாவது, 'அதை வைத்துக்கொள்' என்று திருப்பி அனுப்பினாரா? காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டிய சமாரியனை அல்லவா நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார்? கெத்சமனியில், இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று முதலில் மன்றாடியவரும் அவரே" என்றார்.

திருச்சபையின் போதனையையும் விளக்கினார். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலி தணிக்கும் மருந்தை ஏற்பது அறநெறிக்கு முரணன்று எனத் தெளிவுபடுத்தினாராம். துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றித் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1984-இல் வெளியிட்ட திருத்தூது மடலும், இறுதிப் பகுதியில் நல்ல சமாரியனிடமே வந்து சேருகிறதாம். "நாளை காலை மருத்துவரிடம் போங்கள்; அதுவே உங்களுக்கு அபராதம்" என்று புன்னகைத்தார்.

நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிறு வயதில் வந்த சின்னம்மையின் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் உறங்கிக் கிடந்து, முதுமையில் விழித்தெழுவதே அக்கி. தோல் ஆறினாலும் புண்பட்ட நரம்பு பொய்யான செய்திகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சாதாரண வலி மாத்திரைக்கு அது அவ்வளவாக அடங்காது. இரவில் உண்ண, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

அது மனச்சோர்வுக்கான மருந்து என்று மகள் படித்துச் சொன்னாள். 'என் வலியைப் பைத்தியம் என்று எண்ணிவிட்டாரோ' எனக் குமுறி, ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. மீண்டும் சென்று கேட்டேன். "அம்மா, பெருமளவில் கொடுத்தால் அது மனச்சோர்வுக்கு மருந்து, சிற்றளவில் நரம்பு வலியைத் தணிக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்" என்றார். உட்கொள்ளத் தொடங்கினேன். நாவு வறண்டது, எழுந்தால் தலை சுற்றியது. அதையும் மறைக்காமல் கூறினேன். பின்னர் கேபாபென்டினும் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் வலி பாதியாகக் குறைந்தது. பல மாதங்களுக்குப் பின் ஓர் இரவு முழுவதும் உறங்கினேன். அந்த உறக்கமே எனக்கு ஒரு நன்றி மன்றாட்டாக இருந்தது.

முழுமையாகக் குணமடைந்தேன் என்று சொல்ல மாட்டேன். மருந்துகளை மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தபின்னும், குளிர்காலத்தில் விலா முனகுவதுண்டு. அந்த எஞ்சிய வலியை ஆண்டவருக்கு மனமுவந்து ஒப்புக்கொடுக்கிறேன். முன்பு எனக்கு ஒப்புக்கொடுக்கும் ஆற்றலே இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அன்புக் குடும்பங்களே, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளம் வரிசையாய் எழுந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் காணுங்கள். கிருமியை அடக்கும் மருந்து அப்போதுதான் நன்கு பயன்படும். 50 வயதைக் கடந்தோருக்கான தடுப்பூசியும் 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது. விலை மிகுதிதான், எனினும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். மருந்தை நீங்களாகவே வாங்கவும் வேண்டாம். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

சிலுவையைச் சுமந்த ஆண்டவரே, சீரேனே ஊர் சீமோனின் தோளை ஏற்றார். நமக்கு மருத்துவரின் கையும் ஒரு சீமோன்தான்.

அடுத்த ஆண்டு விடுமுறையில் பேரன் வந்தபோது சற்றுத் தயங்கி, "ஆச்சி, கட்டிக்கிடலாமா?" என்று கேட்டான். இடப்பக்கமாக வரச் சொன்னேன். வந்தான்.