பீடபூமியில் ஒரு பாய்மரம்

தூத்துக்குடியில் வளர்ந்தவன் நான். பாய் என்றாலே உப்புக்காற்றுதான் நினைவுக்கு வரும். செகந்திராபாத்தில், கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே, பாறை மண்டிய ஊரில், ஹுசைன் சாகர் கரையோரம் வெள்ளைப் பாய்கள் படபடத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். குதுப் ஷா அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஏரி. நடுவில் ஒற்றைக்கல் புத்தர். 1990இல் படகோடு மூழ்கி, இரண்டாண்டு தண்ணீருக்குள் கிடந்து எழுந்தவர். ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. இந்தக் காற்றை நம்பித்தான் ராணுவத்தின் இ.எம்.இ. பாய்ப்படகுச் சங்கம் இங்கே லேசர் என்னும் பாய்ப்படகுகளின் பந்தயங்களை நடத்திவருகிறது.

லேசர் 4.2 மீட்டர் நீளம். ஓட்ட ஓர் ஆள் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னை நேத்ரா குமணன் ஓட்டியதும் இதே படகுதான், பாய் மட்டும் கொஞ்சம் சிறிது.

நானும் ஓட்டக் கற்கச் சேர்ந்தேன். பயிற்சியாளர் நெல்லைக்காரர், ஓய்வுபெற்ற ராணுவவீரர்; எனக்கு அண்ணாச்சி. இரண்டு துண்டுக் குழாயைச் செருகினால் பாய்மரம். தலையணைக்கு உறை போடுவதுபோல் அதில் பாயை மாட்டினோம். நம் வள்ளங்களில் பாயைத் தாங்கும் பருமல் மேலே சாய்ந்து நிற்கும்; இங்கே பாயின் அடியில் படுத்திருக்கிறது பூம் என்னும் கழி. அதன் நுனிக் கயிற்றை இழுத்துக் கட்டி, பாய்க்கும் பூமுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டார் அண்ணாச்சி. பாயை இழுக்கவும் தளர்த்தவும் பிடிக்கும் தாமானை இங்கே மெயின்ஷீட் என்கிறார்கள். பூமைப் பாய்மரத்தின் அடியோடு இழுத்துப் பிடிக்கும் கயிறு கிக்கர்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்தக் கிக்கர்தான். ஏரியில் இறங்கி எதிர்காற்றில் போகும்போது அதை இறுக்கிவைத்திருந்தேன். பூம் கீழே இறங்க, பாய்மரம் வில்லாக வளைய, பாயின் தொப்பை வற்றித் தட்டையானது; படகு சொன்னபடி கேட்டது. கரையிலுள்ள கட்டடங்களுக்கு நடுவே புகுந்து வருவதால் இங்கே காற்று ஒரு நிமிடம்போல் மறுநிமிடம் இருப்பதில்லை. சஞ்சீவையா பூங்காவின் 291 அடிக் கம்பத்துக் கொடியைப் பார்த்துத் திசையைக் கணித்தேன். காற்றை முதுகில் வாங்கத் திரும்பியபோது,

"கிக்கரை இளக்கு தம்பி! பூம் தண்ணியில குத்துச்சுன்னா கவுந்துரும்!" என்று பக்கத்துப் படகிலிருந்து கத்தினார் அண்ணாச்சி.

நாலு விரற்கடைதான் இளக்கியிருப்பேன். பூம் எழும்பியது, பாயின் பின்விளிம்பு மேலே திறந்து மிச்சக் காற்றை வழியவிட்டது. அதுவரை முட்டிக்கொண்டிருந்த சுக்கான் கையில் இலேசானது. படகின் மூக்கு தூக்கிக்கொள்ள, நீரைக் கிழிக்கும் ஓசை போய், வழுக்கும் ஓசை வந்தது. புத்தர் விறுவிறுவெனப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கரையேறிக் கயிறுகளைச் சுருட்டினேன். எங்கள் ஊர்க் கயிறு உப்பேறி விறைத்திருக்கும். இது நனைந்த பருத்தித் துணிபோல் கைக்குள் அடங்கியது.

"நாளைக்கு அஞ்சரைக்கு வந்துரு," என்றார் அண்ணாச்சி.